நாலு டிவி வண்டியில் அப்பா

அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது நான்தான். என் கணவர் வேண்டாம் என்றார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெங்களூரில் கணவரின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நாங்கள் இருப்பது செம்பூர், திலக் நகரில். நான், கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், அம்மா இறந்த பிறகு தாராவி வீட்டைக் காலி செய்துகொண்டு எங்களோடு வந்துவிட்ட அப்பா. அப்பா வேலை பார்த்ததெல்லாம் தாராவியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில். தெற்கே போகிற, தெற்கிலிருந்து வருகிற லாரிகளுக்கெல்லாம் லோடு எழுதுகிற வேலை. இப்போது அவருக்கு மறதி நோய். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. “அப்பாவுக்குக் கொஞ்சம் ஞாபகம் சரியில்லை” என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

அவரை எப்படி பெங்களூர் வரைக்கும் கூட்டிப்போவது என்று பல நாள் பேசினோம். ரயில் சரிப்படாது. முந்தின வருடம் புனே போகும்போது கர்ஜத்தில் வடை விற்கிறவர் பின்னாலேயே இறங்கி நடந்துவிட்டார். வண்டி கிளம்புகிற நேரத்தில் கணவர் ஓடிப்போய் இழுத்து வந்தார். விமானத்தில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார மாட்டார். காரில் போனால் அடிக்கடி பாத்ரூம் வரும், நெடுஞ்சாலையில் எங்கே தேடுவது? கடைசியில் கணவரின் ஆபீஸ் நண்பர் ஒருவர்தான் கேரவன் யோசனையைச் சொன்னார். கட்டில், பாத்ரூம், அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும், டிரைவரோடு வாடகைக்குக் கிடைக்கும், குர்லாவில் ஒருவர் வைத்திருக்கிறார் என்று நம்பர் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஷெட்டுக்குப் போனோம். உரிமையாளர் முன்பு சினிமா ஷூட்டிங்குக்கு வேனிட்டி வேன் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர். நடிகர்கள் உட்கார்ந்து பழகிய வண்டி மாதிரியே குடும்பங்களுக்கும் செய்தால் ஓடும் என்று இதில் இறங்கியிருந்தார். இரண்டு வண்டிகள் நின்றிருந்தன. முதல் வண்டி கொஞ்சம் பழையது. இரண்டு பக்கமும் அகலமான ஜன்னல்கள். பின்பக்கக் கட்டிலுக்கு எதிரிலும் ஒரு ஜன்னல், படுத்தபடியே வெளியே பார்க்கலாம். உள்ளே சின்னதாக ஒரே ஒரு டிவி.

இரண்டாவது வண்டி புதிது. உள்ளே ஏறியதும் அவர் ஒவ்வொரு ரிமோட்டாக எடுத்து அமுக்கினார். சோபாவுக்கு எதிரில் ஒரு டிவி எரிந்தது. பக்கவாட்டில் அடுக்குப் படுக்கை, அதன் கால்மாட்டில் ஒரு டிவி. பின்பக்கக் கட்டிலுக்கு எதிரில், முதல் வண்டியில் ஜன்னல் இருந்த அதே இடத்தில், சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டிவி. கீழே இறங்கி வரச் சொல்லி, வண்டியின் வெளிப்புறத்தில் ஒரு மூடியைத் தூக்கிக் காட்டினார். அங்கேயும் ஒன்று. மேலே கூடாரத் துணியை இழுத்துவிட்டு, நாற்காலி போட்டு வெளியே உட்கார்ந்து பார்க்கலாமாம்.

“இத்தனை டிவி எதுக்கு பாய்?” என்று கணவர் இந்தியில் கேட்டார்.

“சாப், நாலு பேர் குடும்பம்னா நாலு டிவி. அவங்கவங்க அவங்க புரோகிராம் பாப்பாங்க. ரோட்டுல சண்டையே வராது.”

“பின்னாடி ஜன்னலே இல்லையே.”

“இருந்துச்சு. வெளிச்சம் அடிச்சா படம் தெரிய மாட்டேங்குது, அதான் அடைச்சுட்டேன்.”

கணவர் என் பக்கம் திரும்பி, “அந்தப் பழைய வண்டியே போதும். மாமாவுக்கு வெளிய பாத்துட்டு வர நல்லா இருக்கும்” என்றார்.

“வேண்டாம். அப்பாவுக்குப் போரடிக்கும். டிவி இருந்தா நல்லது” என்றேன்.

அப்பாவுக்காகச் சொன்னது போல இருந்தது. கணவர் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார். எனக்குத்தான் உண்மை தெரியும். அந்த மறதி வந்ததிலிருந்து அப்பா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார். வீட்டில் அதற்கு நான் கண்டுபிடித்திருந்த வழி டிவி. டிவி ஓடினால் கேள்வி நின்றுவிடும். காலையில் ஆபீஸ் கிளம்பும்போது போட்டுவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்தால் அதே நாற்காலியில் இருப்பார். பெங்களூர் வரைக்கும் மூடிய வண்டிக்குள் அந்தக் கேள்விகளோடு உட்கார்ந்து வர எனக்குத் தெம்பில்லை. பின்பக்கம் கதவு சாத்துகிற மாதிரி ஒரு அறை, அதில் ஒரு கட்டில், அதற்கு எதிரில் ஒரு டிவி. ஷெட்டில் நின்று அதைப் பார்த்தவுடன் எனக்குத் தோன்றியது, ‘அப்பாடா.’

கிளம்பிய அன்று காலையில் அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தன்னுடைய துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். அந்தப் பையில் ஒரு வேட்டி, துண்டு, கண்ணாடிக் கூடு. எங்கே போனாலும் அதைத் தானே தூக்கிக்கொள்வார். வண்டி வாஷி பாலம் ஏறுவதற்குள் ஆரம்பித்துவிட்டது.

“எங்கன போறோம்?”

“பெங்களூருக்குப்பா. கல்யாணத்துக்கு.”

“யாருக்குக் கல்யாணம்?”

“இவரோட அண்ணன் மகளுக்கு.”

“சொல்லவே இல்லையே நீ.”

ஒவ்வொரு முறையும் அந்த ‘சொல்லவே இல்லையே நீ’ புதிதாகவே வரும். அதில் ஒரு சின்ன வருத்தமும் இருக்கும். பன்வேல் தாண்டுவதற்குள் எத்தனை முறை சொன்னேனோ. மகள் அடுக்குப் படுக்கையில் ஏறி, காதில் ஹெட்போனை மாட்டி, தன் டிவியில் ஏதோ தொடரைப் போட்டுக்கொண்டாள். கணவர் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்பாவைப் பின்பக்கம் கூட்டிப்போனேன்.

“கொஞ்சம் படுத்துக்கோங்கப்பா. படம் போடறேன்.”

மலைப் பாதையில் சிக்னல் வராது என்று பென் டிரைவில் பழைய தமிழ்ப் படங்களை ஏற்றிக் கொண்டுவந்திருந்தேன். போட்டுவிட்டு, தலையணையைச் சரிசெய்து, கதவைச் சாத்தினேன். முழுதாகச் சாத்தவில்லை, ஒரு கை அளவு திறந்து வைத்தேன். அது என் மனசாட்சிக்காக.

கேள்விகள் நின்றன. நான் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து தேநீர் குடித்தேன். எனக்கு எதிரில் இருந்த டிவியைப் போட்டேன். வீட்டில் டிவி எப்போதும் அப்பாவுக்காக ஓடும். எனக்கென்று ஒரு டிவி கிடைத்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சத்தாரா பக்கம் போகும்போது எட்டிப் பார்த்தேன். நல்ல வெயில் நேரம். அப்பா போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“குளிருதாப்பா? ஏசியைக் குறைக்கவா?”

“மழைல்லா பெய்யுது” என்றார்.

படத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு பெண் குடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மகளைக் கூப்பிட்டு, “தாத்தா சொல்றதைக் கேளு” என்றேன். அவளும் எட்டிப் பார்த்துவிட்டு, “சோ க்யூட், தாத்தா” என்று சிரித்தாள். அப்பாவும் எங்களைப் பார்த்துச் சிரித்தார். என்ன வேடிக்கை என்று அவருக்குத் தெரியாது. நாங்கள் சிரித்ததால் சிரித்தார்.

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். வெளியே பார்க்க வேறு வழியில்லாத ஓர் அறையில், ஜன்னல் அளவுக்கு, ஜன்னல் இருக்கும் இடத்தில் ஒரு படம் ஓடுகிறது. வண்டி ஆடுகிறது. அவர் அதை ஜன்னல் என்று எடுத்துக்கொண்டதில் என்ன ஆச்சரியம்? அதை வேடிக்கைக் கதையாக்கி, குடும்ப வாட்ஸாப் குழுவுக்கும் அனுப்பினேன்.

கோலாப்பூர் வருவதற்கு முன்னால், மதியச் சாப்பாட்டுக்காக ஒரு பெரிய தாபாவில் நிறுத்தினோம். லாரிகள் வரிசையாக நிற்கிற அகலமான மைதானம். அப்பாவுக்குத் தட்டை உள்ளேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்து மறுபடியும் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். டிரைவர், “ஏசி, டிவி எல்லாம் ஓடட்டும், ஜெனரேட்டர் இருக்கு. நான் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கறேன்” என்று தாபாவின் கயிற்றுக் கட்டிலுக்குப் போய்விட்டார்.

அன்று கிரிக்கெட் மேட்ச். கணவர் வெளியே கூடாரத் துணியை இழுத்துவிட்டு, வெளிப்புற டிவியைப் போட்டார். போட்டதுதான் தாமதம், தாபா ஆட்கள், லாரிக்காரர்கள், பக்கத்துக் கடை பஞ்சர் ஒட்டுகிறவர் என்று ஒரு கூட்டமே வந்து சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு பந்துக்கும் கத்தல். கணவருக்கு ஒரே பெருமை, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி எல்லோருக்கும் டீ சொல்லிக்கொண்டிருந்தார். மகள் தன் படுக்கையில். நான் சோபாவில், ஒரு சீரியலில் மூழ்கியிருந்தேன். அதில் அன்று ஒரு முக்கியமான ரகசியம் உடைகிற கட்டம்.

பின்பக்கக் கதவு திறந்தது. அப்பா வந்தார். எனக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு நொடி நின்றார்.

“ஊரு வந்துட்டு. நான் இறங்குதேன்” என்றார்.

“சரிப்பா” என்றேன்.

கண்ணை எடுக்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, அவருடைய தோளுக்கு மேலாகப் படத்தைப் பார்த்தேன். அவர் நகர்ந்து, படியில் கையை ஊன்றி மெதுவாக இறங்கினார். மேட்ச் பார்க்கப் போகிறார், அங்கே கணவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தேனா, அல்லது பிறகு அப்படிச் சொல்லிக்கொண்டேனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவர் தோளில் துணிப்பை தொங்கியதைப் பார்த்தேனா என்றும் என்னையே கேட்டிருக்கிறேன். பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

சீரியல் முடிந்து விளம்பரம் வந்தபோது எழுந்து பின்பக்கம் போனேன். கட்டில் காலி. போர்வை ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. டிவியில் ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்ட். கடைகளின் மேலே தமிழ்ப் பலகைகள், பூக்காரி, வாழைப்பழத் தார்கள், “ஏறு ஏறு” என்று கத்துகிற கண்டக்டர். அதைப் பார்த்தவுடன்தான் ‘ஊரு வந்துட்டு’ என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது.

வெளியே ஓடினேன். கூட்டத்தில் அப்பா இல்லை.

“அப்பா எங்க?” என்று கணவரைப் பிடித்து உலுக்கினேன்.

“உள்ளதானே இருந்தாரு?”

“இல்ல. இறங்கிட்டாரு.”

மகள் ஹெட்போனைக் கழுத்தில் போட்டபடி இறங்கி வந்து, “க்யா ஹுவா? தாத்தா எங்க?” என்றாள். கணவர் தாபாவின் பின்பக்கம் ஓடினார். மகளைக் கழிப்பறைப் பக்கம் அனுப்பினேன். நான் சாலையைப் பார்த்து ஓடினேன். அந்த நெடுஞ்சாலையில் வண்டிகள் கண்மண் தெரியாத வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கம் போக நடுவில் கட்டைச் சுவர். அவரால் ஏற முடியாது என்று ஒரு மனம் சொன்னது. ஏற முயற்சி செய்வார் என்று இன்னொரு மனம் சொன்னது. சாலை ஓரமாகவே கொஞ்ச தூரம் ஓடினேன். ஒரு பெட்டிக் கடைக்காரரிடம், “வெள்ளை வேட்டி, வயசானவர், பார்த்தீங்களா?” என்று மாறி மாறித் தமிழிலும் இந்தியிலும் கேட்டேன். அவர் இல்லையென்று தலையாட்டினார். அந்த ஓட்டத்தில் என் வாயில் வந்துகொண்டிருந்த சொல், ‘சரிப்பா, சரிப்பா.’ நான் அவருக்குச் சொன்ன கடைசி வார்த்தை அதுவாகவே இருந்துவிடுமோ என்று.

திரும்பி மைதானத்துக்கு வந்தபோது லாரிகளின் கடைசி வரிசையில் ஒரு வண்டியின் பின்கதவில் தமிழில் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. தமிழ்நாட்டு நம்பர். அதன் நிழலில் கேஸ் அடுப்பு வைத்து இரண்டு பேர் சமைத்து முடித்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், கவிழ்த்துப் போட்ட ஒரு வாளியின் மேல் அப்பா உட்கார்ந்திருந்தார். கையில் எவர்சில்வர் தட்டு. பை பத்திரமாக மடியில்.

“ஜவ்வரிசி லோடுன்னா தார்ப்பாயை நல்லா இழுத்துக் கட்டணும் கேட்டியா. ஒரு மூட்டை நனைஞ்சாலும் எடுக்க மாட்டான்” என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஆபீஸில் கேட்ட அதே குரல். அந்தக் குரல் அவரிடம் இன்னும் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது.

நான் எதிரில் போய் மூச்சு வாங்க நின்றேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“ஏளா, நீ எப்பம்மா வந்த?” என்றார். “தனியாவா வந்த?”

அந்த இரண்டு பேரில் நரைத்த மீசை வைத்திருந்த லாரி டிரைவர் எழுந்து நின்றார்.

“உங்க அப்பாங்களா? நல்ல வேளைங்கம்மா. இவரா வந்து, எந்த ஊரு வண்டி, என்ன லோடுன்னு விசாரிச்சாருங்க. சேலத்துலருந்து ஜவ்வரிசி கொண்டுபோயி பிவண்டில எறக்கிட்டுத் திரும்பறோம்னதும் உக்காந்துட்டாரு. சாப்பிட்டாச்சுன்னாரு, ஆனா ரசம் வாசனை வந்ததும் கொஞ்சம் ஊத்துன்னாருங்க.”

“நன்றிங்க. நாங்க அந்தக் கேரவன்ல...” என்று கையைக் காட்டினேன்.

அவர் அந்தப் பக்கம் பார்த்தார். கூட்டம் இன்னும் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தது. “அதுலயா வந்தீங்க? கூட யாரு வந்திருக்காங்கன்னு ரெண்டு மூணு தடவை கேட்டேங்க. யாருமில்ல, நாலு டிவிப் பொட்டிதான் இருக்கு, ஆளு ஒருத்தரும் இல்லன்னாரு. எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. மக செம்பூர்ல இருக்கா, அவளுக்கு நிறைய வேலை, வரத் தோதுப்படாதுன்னு சொன்னாருங்க. போன் நம்பர் கேட்டா ஏதோ பழைய ஆபீஸ் நம்பரைச் சொல்றாரு. சாப்பிட்டு முடிக்கட்டும், ஓட்டல்ல கொண்டுபோய் விசாரிக்கலாம்னு இருந்தோம்.”

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். நான் அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ரசத்தைக் குடித்து முடிக்கும் வரை எழவில்லை. அவருக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

அப்போது கணவர் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். அப்பாவைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்துக் குனிந்து மூச்சு விட்டார். பிறகு என்னிடம், “நீ உள்ளதானே இருந்த? மாமா இறங்கினதைப் பாக்கலையா?” என்றார்.

“பாத்ரூம்ல இருந்தேன்” என்றேன்.

ஒரு விநாடிகூட யோசிக்காமல் வந்தது அந்தப் பொய். மகளும் அங்கே நின்றிருந்தாள். அவளுடைய படுக்கை சோபாவுக்குப் பக்கத்தில்தான். நான் எங்கே இருந்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கலாம். அவள் தாத்தாவின் தட்டை வாங்கி ஓரமாக வைத்தாள். இன்றுவரை நான் அவளிடம் கேட்கவில்லை.

அங்கிருந்து கிளம்பும்போது அப்பாவை முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து பெல்ட் போட்டுவிட்டோம். அந்த வண்டியில் சாலை முழுதாகத் தெரிகிற இடம் அது ஒன்றுதான். டிரைவர் மராத்திக்காரர், நல்ல மனிதர். “பாபா, பாருங்க, நதி” என்று காட்டிக்கொண்டே வந்தார். அப்பாவும் தன் பழைய பம்பாய் இந்தியில் ஏதேதோ பேசினார். நான் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் தலையை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்பாவின் கேள்விகள் குறையவில்லை. “அது என்ன மில்லா?” “இவ்வளவு கரும்பை எங்கன கொண்டு போறான்?” என்று புதிதாகச் சில சேர்ந்தன. நடுநடுவே அதே “எங்கன போறோம்?” பெல்காம் வரைக்கும் பொறுமையாகச் சொன்னேன். ஹூப்ளிக்குப் பக்கத்தில் முதுகு வலி தாங்காமல், “எத்தனை தடவைப்பா சொல்றது!” என்று கத்திவிட்டேன். கொஞ்ச தூரம் போன பிறகு அப்பா டிரைவரிடம் தாழ்ந்த குரலில், “எங்கன போறோம்?” என்று கேட்டார். என் காதில் விழக்கூடாது என்று கேட்டார்.

மறுநாள் மதியம் அவர் கொஞ்சம் படுக்க வேண்டும் என்றார். பின்பக்க டிவியை அணைத்துவிட்டு, அதன் மேல் ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டிருந்தேன். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அப்பா படுத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

“அந்தத் திரையை விலக்கு. புழுங்குது” என்றார்.

“அது டிவிப்பா.”

“விலக்குளா.”

விரிப்பை எடுத்தேன். கறுப்புக் கண்ணாடி மட்டும் இருந்தது. அவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, “அதுக்குள்ள இருட்டிட்டா?” என்றார். திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இந்த அறையை நான்தானே விரும்பி எடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் நலம் விசாரித்தார். சொந்தக்காரர்கள் என்னிடம் வந்து, “இந்த நிலைமைல அப்பாவை இவ்வளவு வசதியா கூட்டிட்டு வந்திருக்கியே, உன்னை மாதிரி யாரு பாப்பாங்க?” என்றார்கள். வண்டியைப் பார்க்க ஒரு கூட்டம் வந்தது. உள்ளே ஏறி, ஒவ்வொரு டிவியாக எண்ணி வியந்தார்கள். மழை பெய்கிறது என்று அப்பா சொன்ன கதையை வாட்ஸாப்பில் படித்தவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாபாவில் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது அதிகம் நிறுத்தவில்லை. நிறுத்திய இடத்திலெல்லாம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. “விடு, நான் என்ன பச்சப் பிள்ளையா?” என்று உதறினார்.

குர்லாவில் வண்டியை ஒப்படைத்தபோது உரிமையாளர், எப்படி இருந்தது என்று கேட்டார். பின்பக்க ஜன்னலைத் திறந்துவிடுங்கள், அந்த டிவியை எடுத்துவிடுங்கள் என்றேன். வயதானவர்கள் படுக்கிற இடத்தில் வெளியே பார்க்க ஏதாவது வேண்டும், ஒரு வண்டிக்கு இத்தனை டிவி அதிகம் என்றேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

“மேடம், நீங்க சொல்றது சரிதான். ஆனா பழைய வண்டியை ஒருத்தரும் கேக்கறதில்லை. பாத்தீங்களே, நீங்களும் இதைத்தானே எடுத்தீங்க? அடுத்த வண்டில பாத்ரூம்லயும் ஒண்ணு வைக்கச் சொல்லி ஆர்டர் வந்திருக்கு.”

அதற்கு மேல் நான் என்ன பேச? ஜன்னல் வைத்த வண்டி அன்றும் அதே மூலையில்தான் நின்றுகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சில வாரங்களுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, கணவர் காய்கறிப் பையைச் சமையலறையில் வைக்கும்போது அவரிடம் சொன்னேன். “அன்னைக்கு நான் பாத்ரூம்ல இல்ல. சோபாலதான் இருந்தேன். ஊரு வந்துட்டு, இறங்குறேன்னு அப்பா என்கிட்ட சொல்லிட்டுத்தான் இறங்கினாரு. நான் சரின்னேன்.”

அவர் பையிலிருந்து வெண்டைக்காயை எடுத்துத் தட்டில் போட்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

“நானும் பாத்தேன்” என்றார். “கூட்டத்துக்குள்ள என் பக்கத்துலதான் போனாரு. என் தோளைத் தொட்டு நகத்திட்டுப் போனாரு. ஒரு விக்கெட் விழுந்த நேரம். நீ பின்னாடியே வர்றேன்னு நினைச்சுக்கிட்டேன்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவர் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. அப்படி ஆறுதல் கிடைத்ததே பிறகு உறுத்தியது.

அப்பாவிடமும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும், டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அப்பா, பெங்களூர் போனோமே, அப்ப வழியில நீங்க என்கிட்ட சொல்லிட்டு இறங்கினீங்க. நான் உங்களைத் திரும்பிக்கூடப் பாக்கல. தனியா விட்டுட்டேன்.”

“யாரை விட்டுட்ட?”

“உங்களைத்தான்.”

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். ஏதோ தவறாகப் புரிந்துகொண்டு அழுகிற குழந்தையைப் பார்ப்பது போல.

“நான் இங்கனதானே இருக்கேன்” என்றார்.

“ஆமாப்பா.”

“பெங்களூருக்கு எப்பப் போனோம்?”

“கல்யாணத்துக்கு. இவரோட அண்ணன் மக கல்யாணத்துக்கு.”

“சொல்லவே இல்லையே நீ” என்றார்.

மன்னிப்பு கேட்டால் அதைக் கொடுக்கிறவருக்கு நடந்தது ஞாபகம் இருக்க வேண்டும். அப்பாவிடம் அது இல்லை. என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. ‘நாலு டிவிப் பொட்டிதான் இருக்கு’ என்று அவர் யாரோ ஒரு லாரிக்காரரிடம் சொன்னதை அவர் மறந்துவிட்டார், அந்த லாரிக்காரரும் மறந்திருப்பார்.

இப்போது ஆபீஸ் போகும்போது டிவியைப் போடுவதில்லை என்று சொன்னால் அது பொய். போடுகிறேன். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருகிறார், அவருக்கும் பொழுது போக வேண்டும். ஆனால் நான் வீட்டில் இருக்கிற நேரத்தில் அப்பா ஏதாவது சொன்னால், கையில் என்ன இருந்தாலும் வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லப் பார்க்கிறேன். பல நாள் முடிகிறது. நேற்று முடியவில்லை. மாதக் கணக்கை முடித்துக்கொண்டிருந்தேன், அவர் வாசல் பக்கம் நின்று ஏதோ சொன்னார். “சரிப்பா” என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

உடனே எழுந்து ஓடினேன். அவர் அங்கேயேதான் நின்றிருந்தார், செருப்பைத் தேடிக்கொண்டு.

“என்னப்பா சொன்னீங்க?”

“கீழ போயி கொஞ்சம் உக்காரலாமான்னு கேட்டேன். நீ சரின்னுட்டியே” என்றார். செருப்பை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேருமாகக் கீழே இறங்கினோம்.